பிரேக் மாட்டியவன்

மேட்டின் உச்சியில், வண்டிக்குப் பிரேக் மாட்டிய காஸிமிர் அதிலிருந்து குதித்து இறங்கினான்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கிருந்த உயரமான கல் சுவருக்குப் பின்னால் போய்விட்டான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அர்விட், அவன் உட்கார்ந்து வந்த இரும்புப் பாளங்களை எட்டிப் பார்த்தான்.

அந்த விஸ்கான்சின் டிரக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டியில் முழுப் பாரம் ஏற்றி இந்த மேட்டிலிருந்து இறக்கிக் காட்டுவார்கள். பிரேக் மாட்டியவன் அந்தப் பாரத்தின் மேலேயே உட்கார்ந்து வர வேண்டும். தன் வேலையில் அவனுக்கே நம்பிக்கை இல்லையென்றால் உச்சியில் இறங்கிக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. டிரைவர் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டிவிட்டால் போதும், வண்டி தேறவில்லை என்று அர்த்தம்.

அர்விட் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வழக்கமாக ஓட்டும் கிழவர் நிமோனியாவில் படுத்துவிட்டதால் இன்று இவனை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அடிவாரத்தில் மில்வாக்கி பீர் ஆலைக்காரர் நின்றிருந்தார். குதிரைகளையெல்லாம் விற்றுவிட்டு ஐம்பது டிரக் வாங்க வந்தவர். அந்த ஆர்டர் கைநழுவினால் கிறிஸ்துமஸுக்குள் கம்பெனிக்குப் பூட்டு. முதலாளியோ காலையிலிருந்து அவரிடம் இந்த வழக்கத்தைச் சொல்லித்தான் பீற்றிக்கொண்டிருந்தார்.

சரிவின் ஓரமெல்லாம் தொழிலாளிகளின் பெண்டாட்டி பிள்ளைகள். நிற்காத வண்டியை, அத்தனை இரும்போடு, அவர்கள் மேல் கொண்டுபோய் விடுவதா?

அர்விட் துணியைத் தூக்கிக் காட்டினான்.

கீழே முதலாளி தொப்பியைக் கழற்றினார். ஆலைக்காரர் அவருக்குக் கைகொடுக்கக்கூட இல்லை. அவருடைய கார் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ஊர்ப் பிழைப்பில் மண் விழுந்தாலும் உயிராவது தப்பியதே என்று தேற்றிக்கொண்டு, அர்விட் துணியைச் சுருட்டிப் பையில் வைத்தான்.

காஸிமிர் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இரும்புப் பாளங்களைப் பிடித்து மேலே ஏற ஆரம்பித்தான்.

"கிழவன் சொல்லலையா உனக்கு? மேல வந்தா, உள்ள என் பொண்ணு கல்லறையில ரெண்டு நிமிஷம் முட்டி போடாம இறங்க மாட்டேன். சரி, எடு தம்பி. பாவம், கீழ அந்த மனுஷன் காத்துக்கிட்டிருப்பாரு."