பச்சை வரி

"சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள் போனில் அந்தப் புதுப் பெண். "பட்டனை அமுக்கினா மஞ்சளா ஒரு வரியில போய் நின்னுக்கிட்டு நகரவே மாட்டேங்குது."

சாரால் பேச முடியாது. காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். வாய் நிறையப் பஞ்சு. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

மத்தியானத்துக்குள் ஆபீஸிலிருந்து இருப்பு அறிக்கை போயாக வேண்டும். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியின் முன்னால் வைத்தான். நீயே சொல்லு என்று கையை ஆட்டிவிட்டு சோபாவில் சாய்ந்துகொண்டான்.

அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பட்டனை அமுக்கினால் கணக்கையெல்லாம் தானாகச் சேர்க்கும் அந்த மேக்ரோவை எழுதியதே அவள்தான்.

ஆறு கிடங்குகளின் கணக்கையும் ஒரே ஷீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மாதாமாதம் அவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். வீட்டில் எரிந்து விழுவான். பார்க்கச் சகிக்காமல்தான் அவள் உட்கார்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிய, மடியில் லேப்டாப். இலவச வீடியோக்களைப் பார்த்து, தப்புத் தப்பாக அடித்து, அது துப்பிய எரரையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்து, கடைசியில் ஒரு நாள் பட்டனை அமுக்கினாள்.

ஆறு கிடங்கும் ஓடி வந்து ஒரே ஷீட்டில் வரிசையாக உட்கார்ந்தன.

"நீ வீட்ல இருக்க வேண்டிய ஆளே இல்லடி" என்று அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

கொஞ்ச நாளில் அவன் பிரிவிலேயே ஓர் இடம் காலியானது. அவனே வந்து சொன்னான். அவனே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னான். அவள் அப்ளிகேஷனை மடங்காமல் கவரில் போட்டு அவன் பையில் வைத்தாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மூட்டை தூக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு, "ஏசி ரூம்ல வேலைப்பா" என்று கிடைப்பதற்கு முன்பே பீற்றிக்கொண்டும்விட்டாள்.

கிடைக்கவில்லை.

"ஏகப்பட்ட பேர் போட்டிருந்தாங்களாம். உனக்கு அனுபவம் பத்தலையாம்" என்றான். சொல்லும்போது முதுகைத் தடவிக்கொடுத்தான்.

அவள் தன் காலேஜைத் திட்டினாள். தன் இங்கிலீஷைத் திட்டினாள். யாராரோ கெட்டிக்காரர்கள் வரிசையில் முன்னால் நின்றிருப்பார்கள் என்று நினைத்து, மறுபடியும் முதல் வீடியோவிலிருந்து ஆரம்பித்தாள். அந்த இடத்துக்கு வந்தவள்தான் இப்போது போனில் இருப்பவள்.

"மேல இருந்து ஒவ்வொரு வரியா படிம்மா."

"முதல்ல பச்சைக் கலர்ல ஒண்ணு இருக்குக்கா. எழுதியதுன்னு போட்டு, சார் பேரு."

பச்சை வரியை மெஷின் படிக்காது. மனிதர்கள் படிக்கட்டும் என்று விட்டுவைக்கிற குறிப்பு அது. அந்த இடத்தில் அவள் தன் பெயரைப் போட்டிருந்தாள். அப்பாவின் இனிஷியலோடு, பட்டத்தோடு.

சோபாவைப் பார்த்தாள். அவன் கன்னத்தில் ஐஸை ஒற்றிக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி. பெண்டாட்டி எழுதியது என்று தெரிந்தால் ஆபீஸில் அவனுக்குக் கௌரவக் குறைச்சல். முழுங்கிக்கொண்டாள். இதையெல்லாம் முழுங்கிப் பழக்கம்தான்.

"அடுத்த வரி?"

புதுப் பெண் படித்தாள். நடுவில் ஒரு வரியைக் காணோம்.

எல்லாம் எந்த ஷீட்டில் வந்து சேர வேண்டும் என்று சொல்லும் வரி. பச்சை வரிக்கு நேர் கீழே இருந்த வரி. நேற்று ஃபைலைப் புதுப் பெண்ணிடம் ஒப்படைக்கும்முன் அவசர அவசரமாகப் பெயரைத் துடைத்திருக்கிறான். துடைத்த வேகத்தில் அதையும் சேர்த்து வழித்துவிட்டிருக்கிறான். எது வெறும் பச்சை, எது உயிர் என்றுகூடத் தெரியவில்லை அவனுக்கு.

அவள் மனப்பாடமாக அந்த வரியைச் சொன்னாள். புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்து. அங்கே விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"ஐயோ, வந்துடுச்சுக்கா! சாருக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்க. வாயில பஞ்சை வச்சுக்கிட்டே எப்படித்தான் சொல்லிக் குடுக்குறாரோ!"

சோபாவிலிருந்து ஒரு கட்டை விரல் உயர்ந்தது.

வேலை முடிந்த நிம்மதியில் புதுப் பெண்ணுக்கு வாய் நிற்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் சுத்தமா தெரியாதுக்கா. எப்படி எடுத்தாங்கன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. கேட்டா, இந்த வேலைக்கு வேற யாருமே அப்ளிகேஷன் போடலையாம். வந்ததே என்னோடது ஒண்ணுதானாம்."

கட்டை விரல் மெல்ல இறங்கியது.

அவன் எழுந்து வந்தான். பஞ்சு அடைத்த வாயால் ம், ம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் போனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"வச்சிடாதம்மா. அந்த முதல் வரியில ஒரு தப்பு இருக்கு. அழிச்சிட்டு, நான் சொல்றதை அடி."