சண்டையில் மட்டும் சாகக் கூடாது

காப்புறுதி ஏஜென்ட் ஹலீம் பத்திரம் எழுத வீட்டுக்கு வந்த அன்றுதான் மாமாவைக் கொல்லுவதென்று யோகராசா முடிவெடுத்தான். அதுவரைக்கும் மாமாமேல் அவனுக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் சோற்றை மூன்று வேளையும் தின்றுகொண்டு, கனடாவுக்குப் போகும் கனவையும் கண்டுகொண்டு, களுதாவளைப் பக்கம் வாவிக்கரை வீட்டில் சும்மா கிடந்தான்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். மாமா கோணாமலைக்கு அறுபத்தேழு வயது. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகுட்டியும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து, தனக்கும் மருமகனுக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி எடுக்கத்தான் ஹலீமைக் கூப்பிட்டிருந்தார்.

"கொஞ்சம் கூடக் கட்டினா இதோட உயிர்க் காப்புறுதியும் சேக்கலாம்" என்றார் ஹலீம். "அஞ்சு வருசத் தவணை. அதுக்குள்ள ஆள் மோசம் போனா பெரிய தொகை வரும். உயிரோட இரிந்தா கட்டின காசு போனதுதான். முதல் வருசம் என்ன நடந்தாலும் ஒண்டும் இல்ல. அதுக்குப் பிறகும் சண்டையில செத்தா ஒரு சதமும் குடுக்க மாட்டம். ஷெல், துவக்குச்சூடு, கண்ணிவெடி எதுக்கும் இல்ல."

"பின்ன எதுக்குத்தான் குடுப்பீங்க?" என்று கேட்டான் யோகராசா. மட்டக்களப்பில் மனிதர் வேறு எதில் சாகிறார்கள் என்பது அவனுடைய நியாயமான சந்தேகம்.

"பாம்பு கடிச்சா, ஆத்தில மூழ்கினா, வருத்தம் வந்து செத்தா."

கோணாமலை நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி, அதையும் சேருங்க தம்பி. ஒராளுக்கு ஒண்டு நடந்தா மத்தாள் தெருவில நிக்கப்படாது."

ஹலீம் காட்டிய இடத்தில் மாமா கையெழுத்து வைத்தார், யோகராசாவும் வைத்தான். எல்லாம் இங்கிலீசு. யாருக்கு என்ன என்று அவன் கேட்கவும் இல்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியே மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் வருகிற ஊர் இது. காப்புறுதிக் காசு மட்டும் வேறு எங்கே போகப் போகிறது?

திட்டம் சுலபமானது. மாமாவுக்கு நீச்சல் தெரியாது. ஒரு வருஷம் கழிய, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயலைப் பார்க்கப் போகும்போது நடு வாவியில் தோணியை ஒரு பக்கமாகச் சாய்த்தால் போதும். அதுவரைக்கும் மாமா சண்டையில் மாட்டிச் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது என்ன லேசுப்பட்ட வேலையா?

ஷெல் சத்தம் கேட்டால் மாமாவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தான். ஆமி சுற்றிவளைத்து ஊராரைப் பள்ளிக்கூட வளவுக்குள் வெயிலில் இருத்தியபோது, தன் சட்டையைக் கழற்றி மாமாவின் தலைக்குப் போட்டான். மாமாவும் சளைத்தவரில்லை. ஊரடங்கு நேரத்தில் மருமகன் வாசல் படலையைத் தொட்டாலே, "எங்க மனே போறாய், உள்ளுக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். வயல் பக்கம் கண்ணிவெடி இருப்பதாகக் கதை அடிபட்டபோது மாமா மருமகனைப் போக விடவில்லை, மருமகன் மாமாவைப் போக விடவில்லை. அந்தப் போகம் நெல்லையெல்லாம் மயில்தான் தின்றது.

இரண்டு பேருக்கும் சமைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளைக்கு இதைப் பார்க்கப் பார்க்கக் கண் கலங்கும். "தாயும் பிள்ளையும்கூட இப்பிடி இராதுகள்" என்று கிணற்றடியில் எல்லோரிடமும் சொல்லுவாள். யோகராசாவுக்குக் கூச்சமாக இருக்கும். சில நேரம் பாவம் மனுசன் என்று மனம் இளகியும் விடும். ஆனால் கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஆள் விட்டுக் காசு கேட்டதும் மறுபடி இறுகிவிடும்.

ஒருவழியாக வருஷம் முடிந்தது.

"மாமா, பின்னேரம் தோணியில படுவான்கரைக்குப் போய் வயலைப் பாத்துட்டு வருவம்."

"போவமே" என்றார் கோணாமலை. "அதுக்கு முதல் சாப்பிடு மனே."

என்றைக்கும் இல்லாத திருநாளாக அன்று மாமாவே சமைத்திருந்தார். வாவி நண்டு, முருங்கை இலை போட்டுக் குழம்பாக வைத்த கறி. வாசம் படலை வரைக்கும் வந்தது.

"நீங்க சாப்பிடல்லியா மாமா?"

"எனக்கு வயிறு சரியில்ல மனே. நீ வடிவாச் சாப்பிடு."

தனக்கென்று ஆசையாகச் சமைத்துவிட்டுப் பட்டினி கிடக்கும் மனிதரைப் பார்க்க யோகராசாவுக்குப் பாவமாக இருந்தது. இப்படிப்பட்டவரையா தண்ணீரில் தள்ளப் போகிறோம் என்று உண்மையாகவே வருந்தினான். வருந்திக்கொண்டே சட்டியையும் வழித்துத் துடைத்தான். பிறகு, எதற்கும் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹலீமின் கந்தோருக்குப் போனான்.

"ஹலீம் நானா, அந்த உயிர்க் காப்புறுதி... வருசம் முடிஞ்சிதானே?"

"நேத்தோட முடிஞ்சி தம்பி. இனிச் சண்டை இல்லாம எப்பிடி உயிர் போனாலும் காசு வரும்." ஹலீம் சிரித்தார். "விடியத்தான் உங்கட மாமாவும் வந்து இதையே கேட்டுட்டுப் போனாரு."

"மாமாவா? அவருக்கு என்னத்துக்கு அது?"

"பின்ன, காசு வாறது அவருக்குத்தானே. அறுபது தாண்டின ஆளுக்கு உயிர்க் காப்புறுதி குடுக்க மாட்டம். அதால அவரு உங்கட உயிருக்குத்தான் போட்டிரிக்காரு. இப்பிடி ஒரு மாமா ஆருக்குத் தம்பி கிடைக்கும்?"

யோகராசாவின் வயிற்றுக்குள் நண்டுக் கறி மெல்லப் புரண்டது.