இந்தப் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை

“இந்தப் பிள்ளையைத் தவிர வேற எந்தப் பிள்ளைய வேணும்னாலும் கூட்டிட்டு வாங்கம்மா. இப்பவே சேர்த்துக்கிறேன்” என்றார் தலைமையாசிரியர் ஓக்வாங்.

லாமுனு அசையவில்லை. தெற்குச் சூடானிலிருந்து எல்லை தாண்டி லாம்வோ மாவட்டத்துக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் பெற்றுத் தருவது அவள் வேலை. எந்தப் பள்ளியிலிருந்தும் அவள் இதுவரை வெறுங்கையோடு திரும்பியதில்லை.

“முதல் வகுப்புல மூணு இடம் காலியா இருக்கு. சாயங்காலம் பட்டியலை மூடிடுவீங்க, அப்புறம் அது யாருக்கும் இல்ல. திங்கட்கிழமை இவனோட அம்மா தையற்கடையில வேலைக்குச் சேரணும். பிள்ளைய யார்கிட்ட விடுவாங்க?”

“இதெல்லாம் அவங்களே சொன்னாங்களா?”

“நம்ம பேச்சு தெரியாதவங்க சார். நேத்து எங்க பதிவு வரிசையில வந்து நின்னாங்க. எல்லாம் சைகைதான். திங்கட்கிழமைங்கிறதைக்கூடக் கையாலேயே சொல்லிட்டாங்கன்னா பாருங்களேன்!”

முக்காடிட்ட தாய் தலை குனிந்து நின்றாள். சிறுவன் தலைமையாசிரியரை நோக்கி வாய் திறந்தபோதெல்லாம், எண்ணெய் வடியும் மண்டாசிப் பணியாரத் துண்டு ஒன்றை அவள் அதில் திணித்தாள்.

“ஐயோ, எத்தனை நாள் பசியோ!” என்று லாமுனு உருகினாள்.

ஓக்வாங் இவ்வூருக்கு மாற்றலாகி வந்து பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. வந்த அன்றே சேர்க்கை விதிகளைத் தம் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

“பிறப்புச் சான்றிதழ் இல்லையே” என்றார்.

“இல்லாதவங்க தலைமேல கையைப் போட்டுக் காதைத் தொட்டாப் போதும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? மூணாவது விதி.”

சிறுவன் தொட்டான். எவரும் கேளாமலேயே மறு கையாலும் தொட்டுக் காட்டினான்.

“தலையைச் சாய்ச்சுத் தொட்டான்!”

“அப்போ காதைக் கழட்டி மேஜைமேல வைக்கச் சொல்லட்டுமா சார்?”

“ஏழாவது விதியையும் படிங்க!” அவர் குரல் அழுகையை நெருங்கியிருந்தது.

லாமுனு படித்தாள். “‘ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு இப்பள்ளியில் இடமில்லை.’ அதுக்கும் இந்தப் பாவப்பட்ட பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாத்தாதீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாய் நிமிர்ந்து அவரை ஒரே ஒரு முறை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“கண்ணாலயே எப்படிக் கெஞ்சுறாங்க பாருங்க! கல்லா சார் உங்க மனசு? கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல நான் மாவட்ட அலுவலகத்துக்குப் போகட்டுமா?”

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார். கையெழுத்து இரண்டு வரிகளில் விழுந்தது.

லாமுனு படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு, முத்திரை வாங்க எழுத்தரிடம் ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தாய் முக்காட்டை விலக்கினாள். மகனின் வாயைத் துடைத்தாள். பிறகு அந்த ஊரின் பேச்சிலேயே, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாள்:

“ஏங்க, மத்தியானம் வீட்டுக்கு வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க.”