காளைகளுக்குப் பெயர் எழுதியவன்

ரெஜினாவின் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் அனுப்பிய கைபேசிச் செய்திகளைக் கொண்டு, அவர் குரலிலேயே பேசும் பெட்டி ஒன்று சமையலறையில் இருக்கிறது. பேசுவதெல்லாம் கடைச் சாமான்தான். “பால் வாங்கிட்டியா? கேஸுக்குச் சொல்லிட்டியா? கத்திரிக்கா வாங்காத...” உயிரோடு இருந்தபோதும் இதே கதை. அன்பாக ஒரு வரி எழுதாத மனுஷன். மறுநாள் காலை பெட்டியை எடுத்துப் போக, அதைத் தந்த கம்பெனிக்காரர்களை வரச்சொல்லிவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்திலும் அப்படி ஒருவன் உண்டு. மூவாயிரம் வருடத்துக்கும் முந்திய கிரேக்க அரண்மனையில் கணக்கெழுதிய எழுத்தன். அந்தக் கால அசையெழுத்தில் அவன் கீறிய களிமண் பலகைகளை வைத்துப் பேச வைத்திருந்தார்கள். காதலைப் பற்றிக் கேட்டாலும் ஆட்டுக் கணக்குத்தான் சொல்வான்.

அன்று மாலை பூட்டுமுன் சும்மா கேட்டாள்: “மாடு எத்தனைய்யா?”

“உழவுக்குப் போனவை கறுப்பன், வெள்ளைக்கால், புள்ளியன், கத்துவான்.”

“ராஜாவுக்கு எண்ணிக்கை போதுமே. பேரெல்லாம் எதுக்கு எழுதின?”

பலகையில் இல்லாததை அவனால் சொல்ல முடியாது.

வழியில், வீம்புக்கென்றே கால் கிலோ கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

“ரெஜி, பால் வாங்கிட்டியா? கேஸுக்குச் சொல்லிட்டியா? கத்திரிக்கா வாங்காத...”

வழக்கமாக இந்த இடத்தில் அணைத்துவிடுவாள். இன்று கை போகவில்லை.

“...ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டுக் கிடப்ப. எனக்குத் தூக்கம் வராது.”

ரெஜினா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“வாங்கலைங்க,” என்றாள்.