கடைசிச் சுற்றில் கேட்ட குரல்

முதுநிலை மென்பொருள் பொறியாளர் வேலைக்கு அது கடைசி நேர்காணல். சோதனைக்காகக் கொடுத்த செயலிழந்த சர்வரை ஜெயசீலன் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் அவன் மனைவி எஸ்தரின் குரல் கேட்டது.

"ஆக்சிடென்ட் ஆயிடுச்சுங்க. ரத்தம் நிக்கல. சீக்கிரம் வாங்க."

"எழுந்து போனா வேலை கிடையாது," என்றார் நேர்காணல் அதிகாரி.

அவன் எழவில்லை. சர்வர் மறுபடி ஓடத் தொடங்கியதும் அதிகாரி கைகொடுத்தார்.

"அந்தக் குரல் நாங்க ஏஐ வச்சு உண்டாக்கினது. எல்லாருக்கும் இந்தச் சோதனை உண்டு. நீங்க செலக்ட்."

நேர்காணலைப் பதிவுசெய்த வீடியோவை நிறுவனம் வாழ்த்தோடு எஸ்தருக்கும் அனுப்பியிருந்தது. அவன் வீடு திரும்பியபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்னு தெரிஞ்சுதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இதுல அழுதுக்கிட்டே டைப் பண்றீங்க?"

எஸ்தர் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.