சாயம்

சவப்பெட்டிக்குள் கிடந்த அம்மாவைப் பார்த்ததும், ஆள் மாறிவிட்டதோ என்றுதான் ரோவீனாவுக்கு முதலில் தோன்றியது. முகம் அம்மா ஓலீயுடையதுதான். கைகள்தான் யாருடையவோ. செரோக்கிப் பழங்குடிக் கூடைகள் முடைவதற்காக, வால்நட் வேரைக் காய்ச்சிய சாயத்தில் ஆற்று மூங்கில் பிளாச்சுகளை அறுபது வருஷம் முக்கியெடுத்தவை அம்மாவின் கைகள். நகக்கண்வரை ஏறியிருந்த அந்தக் கறுப்பில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. அந்தக் கறுப்பு விரலை ஓலீ உயர்த்தினால் குலத்தில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கை பாழாகிவிடும் என்று ரோவீனா மட்டும் அந்தச் சாயச் சட்டிப் பக்கமே போனதில்லை.

“ரொம்ப அழுக்கா இருந்துதும்மா,” என்றார் சவ அடக்க நிலையத்துக்காரர், பணிவாக. “ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். இப்ப பாருங்க, எப்படிப் பளிச்சுனு இருக்கு.”

ரோவீனா நேராக வீட்டுக்குப் போய், அம்மா கடைசியாகக் காய்ச்சி வைத்திருந்த சாயத்தைச் சட்டியோடு தூக்கிவந்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, துணியை அதில் நனைத்து, விறைத்த விரல்களில் ஒவ்வொன்றாகச் சுற்றி, இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தாள். சாயம் தண்ணீராக வழிந்தோடியது. விரல்கள் மெழுகுபோல வெளுத்தே கிடந்தன. மறுபடி சுற்றினாள். மறுபடி பிரித்தாள்.

கதவு தட்டப்பட்டது. “எல்லாரும் காத்திருக்காங்கம்மா. மூடிரலாமா?”

“இருங்க, இன்னும் ஏறல,” என்றாள் ரோவீனா, மணிக்கட்டுவரை கறுத்துப்போயிருந்த தன் கைகளால் துணியை மீண்டும் சட்டியில் முக்கியபடி.