பத்து மணிக்குத் திறந்த சந்தை

ஜூலை முதல் தேதி. கனடாவின் சஸ்காச்சுவான் வெயில் காப்பிக்கடை மேசையில் விழுந்து கிடக்கிறது. பத்து மணிக்கு ஐஸ் ஹாக்கி ஒப்பந்தச் சந்தை திறந்துவிட்டது, ஒப்பந்தக் காலம் தீர்ந்த ஆட்டக்காரனை இனி எந்த அணியும் எடுக்கலாம். டிவித் திரையின் அடியில் பெயர்கள் ஓடுகின்றன. எங்கள் அணியின் பொது மேலாளர் முப்பத்துநாலு வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்கு ஏழு வருஷ ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறான். கோட்டுப் போட்டவன் எவனையும் நான் நம்புவதில்லை. "முட்டி ரெண்டும் போனவன்யா. ஏழாவது வருஷம் தள்ளுவண்டியிலதான் வருவான்" என்கிறான் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் லைல். "அனுபவசாலி ஒருத்தன் வேணும்ல" என்கிறேன். "உனக்கும்தான் எழுபது வருஷ அனுபவம். எவன்யா எடுத்தான்?" எதிரில் ஓரெஸ்ட். எங்கள் அணியில் அதே தடுப்பாட்ட இடத்தில் ஆடிய அவன் மகனுக்கு நேற்றோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, மேலாளர் புதுப்பிக்கவில்லை. இனி வேறு அணி ஏதாவது கூப்பிட வேண்டும். சந்தை திறந்திருக்கும்போது காத்திருப்பவன் பெயரை இங்கே யாரும் எடுப்பதில்லை, ராசி போய்விடும். ஓரெஸ்டின் முன்னால் போன் கவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்தில் அணியின் தொப்பி, ஆறிப்போன முட்டை.

போன் அதிர்கிறது, கூடவே தட்டிலிருந்த கரண்டியும். லைல் மெல்லுவதை நிறுத்துகிறான். "இன்னும் இல்ல. நீ டிவிய அணைச்சிட்டுக் கொஞ்ச நேரம் படு" என்று போனில் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைக்கிறான் ஓரெஸ்ட். மனைவிதான். "ஏழு வருஷம்!" என்று லைல் முன்னைவிடச் சத்தமாக மேசையைத் தட்டுகிறான், "முட்டி ரெண்டும் போனவனுக்கு!" ஓரெஸ்ட் தொப்பியை எடுத்துப் போனின்மேல் மூடி வைக்கிறான். "அவனுக்கு ஒரு முட்டிதான் போச்சு. சரியாச் சொல்லு."